இரவல் போனதெல்லாம் திரும்பி வந்த வாரம்

கொல்லிமலை, ஆலத்தூர் நாடு
ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை

என் மகள் யமுனாவுக்கு அம்மா கண்ணாயி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அப்பாவும் தம்பி பூபதியும் அவன் பெண்டாட்டி தாரணியும் கஞ்சிக்கும் கம்பளிக்கும் குறைவில்லாமல் இருக்கிறோம். அங்கே மடகாஸ்கர் மலையில் ஊழியத்துக்குப் போயிருக்கிற நீயும் மாப்பிள்ளையும் பேத்தி ரூத்தும் பேரன் பென்யமீனும் அப்படியே இருக்க வேண்டும் என்று என் பங்குக்கு எட்டுக்கை அம்மனிடமும் உன் பங்குக்கு உன் ஆண்டவரிடமும் சொல்லிவிட்டுத்தான் பேனாவைக் கையில் எடுத்தேன். எட்டாம் வகுப்போடு நின்ற கை, எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொண்டு படி. போன் இருக்கும்போது இந்த அம்மாவுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். விஷயத்தைப் போனில்தான் முதலில் சொன்னேன் கண்ணு, நீ சிரித்தாய், அதற்குள் லைன் போய்விட்டது. அதற்குப் பிறகு எத்தனை முறை போட்டாலும் யாரோ ஒரு பெண் அந்த ஊர்ப் பாஷையில் ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிடுகிறாள். நீங்கள் டவுனுக்கு இறங்கி வந்தால்தான் டவர் கிடைக்கும் என்பது எனக்குத் தெரியும். உங்கள் சபையின் மருத்துவ முகாமுக்குச் சேலத்திலிருந்து சுமித்ரா டாக்டர் வருகிறார் என்று நீயே சொன்னாய் அல்லவா, அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். பூபதி நாளைக் காலை முதல் பஸ்ஸில் இறங்கி, டாக்டரம்மா வீட்டுக்கே போய் நேரில் கொடுத்துவிட்டு வருவான். தபாலை நான் நம்பவில்லை, அது வந்து சேருவதற்குள் பென்யமீனுக்கு மீசை முளைத்துவிடும்.

இந்த வருஷம் மழை முன்னாலேயே பிடித்துக்கொண்டது. மேல்காட்டு மிளகுக் கொடியில் பாதி வேர் அழுகிப் போனது, குச்சிக்கிழங்கு பரவாயில்லை, சாமை கதிர் பிடித்திருக்கிறது. மலை ரோட்டில் ஒரு வளைவில் மண் சரிந்து பஸ் கொஞ்ச நாள் வராமல் இருந்தது, இப்போது வருகிறது. உன் அப்பாவுக்கு முழங்கால் வலி. செம்மேட்டு ஆஸ்பத்திரியில் கொடுத்த மாத்திரையை விழுங்கிவிட்டேன் என்று சொல்லிவிட்டு ஓட்டுச் சந்தில் செருகி வைக்கிறார், தாரணி ஒட்டடை அடிக்கும்போது எல்லாம் அவள் தலையில் கொட்டியது. அதற்குக் கோபம் வேறு அவருக்கு, சொந்த வீட்டில் ஒரு மனுஷன் ஒளித்து வைக்க இடமில்லையா என்று. தாரணிக்கு ஏழாம் மாதம் நடக்கிறது. நாத்தனார் வந்து பக்கத்தில் நின்றால்தான் ஆஸ்பத்திரிப் படி ஏறுவேன் என்று பிடிவாதமாக இருக்கிறாள். நீ நர்சுக்குப் படித்தது கடல் தாண்டி இருக்கிற பிள்ளைகளை எடுக்க மட்டும்தானா, சொந்தத் தம்பி பிள்ளையை எடுக்கக் கூடாதா என்று கேட்டு எழுதச் சொன்னாள். எழுதிவிட்டேன். இதை மனதில் வைத்துக்கொள், பின்னால் இதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் நீ வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாயே, அதைப் பூபதி போட்டுக் காட்டினான். குரல் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. அம்மா, ஒரு சாட்சி சொல்றேன் கேளும்மா என்று ஆரம்பித்தாய். ஊரில் யார் யாரிடம் என்னென்ன இரவல் கொடுத்திருந்தாயோ அதெல்லாம் ஒரே வாரத்தில் வீடு வந்து சேர்ந்துவிட்டது என்றாய். மண்வெட்டி வந்தது, ஏணி வந்தது, சபைக் குண்டான் விளக்கிப் பளபளவென்று வந்தது, பெண்களுக்குப் பழக என்று கொடுத்த தையல் மிஷினை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து எண்ணெய் போட்டு வைத்துவிட்டுப் போனார்கள், ரூத்தின் பழைய ஸ்வெட்டர் துவைத்து மடித்து வந்தது, ஒரு டம்ளர் சர்க்கரை வாங்கிப் போனவள் அதே டம்ளரில் தலை தட்டி அளந்து கொண்டுவந்தாள், மருந்து வாங்கிப் போன காலிப் பாட்டிலைக்கூடக் கழுவிக் கொண்டுவந்து வைத்தார்கள் என்றாய். நான் ஒண்ணும் கேக்கவே இல்லம்மா, அவங்களாக் கொண்டாந்து வெச்சுட்டுப் போறாங்க, ஜனங்க மனசு மாறுதும்மா, ஆண்டவர் கிரியை செய்யறாரு என்றாய். நான் அப்போது களி கிண்டிக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது, களி அடிப்பிடித்துவிட்டது. உன் அப்பா வாசலில் கூடை பின்னிக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து, எல்லாமேவா வந்துருச்சு என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். பூபதி ஆமாங்கப்பா என்றான். அவர் மழையிலேயே மாட்டுக்கொட்டகைக்குப் போய் மாட்டின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார். அன்றிலிருந்து அவருக்குச் சாப்பாடு சரியாக இறங்கவில்லை, எனக்கும்தான்.

நீ பத்து வயதிலேயே கீழே ஹாஸ்டலுக்குப் போய்விட்டாய், லீவுக்கு வந்த பிள்ளைக்கு இதெல்லாம் தெரிந்திருக்க நியாயமில்லை. எங்கள் பக்கத்தில் இதை வாய்விட்டுப் பேசவும் மாட்டார்கள். ஒரு வீட்டோடு ஊர் முறித்துக்கொள்ள நினைத்தால் முதலில் சண்டைக்கு வராது, ஏசாது, முகத்தைக்கூடத் திருப்பாது. முதலில் அந்த வீட்டுப் பொருள் யார் யார் வீட்டில் இருக்கிறதோ அதையெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்துவிடும். ஒருத்தர் பொருளை வீட்டில் வைத்துக்கொண்டு அவர் மேல் கை ஓங்கினால் அந்தப் பாவம் பிள்ளைகுட்டியைப் பிடிக்கும் என்று பயம். அதனால் சுத்தமாகக் கழுவி, துடைத்து, குறையில்லாமல் அளந்து, சிரித்த முகத்தோடு கொடுப்பார்கள். கொடுத்து முடித்த பிறகு அந்த வீட்டுக்கும் ஊருக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. அதற்குப் பிறகு என்ன நடந்தாலும் அது யார் தலையிலும் ஏறாது என்பது அவர்கள் கணக்கு. நம்முடைய ஊரில் வழக்கமாக நடப்பது ஒதுக்கி வைப்பதுதான், தண்ணீர் நெருப்பு கொடுக்கல் வாங்கல் இல்லாமல் செய்வதுதான். ஆனால் எப்போதும் அதோடு நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நம் மலையிலேயே எடப்புளி நாட்டு அர்த்தனாரியை உனக்கு நினைவிருக்கும், உன் கல்யாணத்துக்குப் பலாப்பழம் ஏற்றிக்கொண்டு வந்தாரே அவர்தான். கோயில் காட்டை ஒட்டி அவருக்கு நிலம். ரிசார்ட் கட்டுகிறவனுக்கு அதை விற்று, லாரி போக வழி வேண்டும் என்று கோயில் காட்டு மரத்தில் சிலதையும் வெட்டவிட்டார். ஊர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குக் கொஞ்ச நாள் கழித்து அவர் பெண்டாட்டி மாவு மில்லில் என் பக்கத்தில் நின்றுகொண்டு, எங்கூட்டுச் சாமானெல்லாம் கேக்காமயே வந்துருச்சுங்கக்கா, கடப்பாரை தார்ப்பாய் அண்டா எல்லாம், ஊருக்குப் புத்தி வந்துருச்சுங்க என்று சிரித்தாள். உன் குரலைப் போலவே இருந்தது அந்தக் குரல். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது, ஆனால் வேற்று ஊர்க்காரி நான் என்னவென்று சொல்வது, மாவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதற்கு அடுத்த சோளக்காட்டுச் சந்தையன்று அவர்கள் ஊரே சந்தைக்குக் கிளம்பிவிட்டது, கிழடு கட்டை, நடக்க முடியாதவர்களைக்கூடத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள், ஊரில் ஒரு கோழிக்குஞ்சு இல்லை. பட்டப்பகலில் அர்த்தனாரி வீடு பற்றிக்கொண்டது. உள்ளே இருந்த புருஷனும் பெண்டாட்டியும் கத்தியபோது கேட்க யாரும் இல்லை. யார் வைத்தது என்று போலீஸ் வந்து கேட்டார்கள், எல்லோரும் சந்தையில்தானே இருந்தோம் என்று ஊரே சொன்னது, அது உண்மையும்கூட. அர்த்தனாரிக்கு வலது கை இன்றைக்கும் மடங்காது, பெண்டாட்டியோடு கீழே ராசிபுரம் பக்கம் ஏதோ செங்கல் சூளையில் காவலுக்கு இருக்கிறார். பிள்ளைகள் அன்றைக்கு அவர்கள் அம்மாவைப் பெற்ற அம்மாயி வீட்டில் இருந்தார்கள், அதனால் தப்பித்தார்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன், இதை இத்தனை வருஷமாக உன்னிடம் சொல்லவில்லை, சொன்னால் நீ அங்கே நிம்மதியாக ஜெபம் பண்ண மாட்டாய் என்று விட்டுவிட்டேன். நீ ஞானஸ்நானம் எடுத்த வருஷம் நம் வீட்டுக்கும் சாமான்கள் திரும்பி வந்தன. முறம் வந்தது, படி வந்தது, அப்பாவின் கொடுவாள் தீட்டி வந்தது. ஒவ்வொன்றாக வாங்கி வைத்துக்கொண்டே இன்னும் எந்த வீடு வரவில்லை என்று எண்ணினேன். பக்கத்து வீட்டுக் கோகிலா மட்டும் நம் உலக்கையைக் கொண்டுவரவில்லை. ஊர்க் கூட்டத்தில் ஊர்த் தலைவர் கவுண்டர் ஒவ்வொரு வீடாகக் கேட்டு வந்தபோது, எங்கூட்ல அவிய ஒலக்கை இருக்குதுங்க, ராகி குத்தி முடியல, இப்பக் குடுக்க முடியாதுங்க என்று சொல்லிவிட்டாளாம். அவள் புருஷன் முறைத்தும் அசையவில்லை. ஒரு வீட்டில் பொருள் இருந்தால் போதும், ஊரால் முடிவு செய்ய முடியாது. பிறகு அபராதமாகக் கோயிலுக்கு ஒரு கெடாவும் சோறும் போட்டோம், அதோடு விட்டது. அந்த உலக்கையை அவள் இன்றைக்கு வரை திருப்பித் தரவில்லை, நானும் கேட்டதில்லை. அவளும் நானும் தண்ணீர்க் குழாயில் அடித்துக்கொள்ளாத நாள் இல்லை என்பது வேறு விஷயம்.

அங்கே உங்கள் மலை ஜனங்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்லவில்லை சாமி. நீ சொல்வதை வைத்துப் பார்த்தால் அவர்களும் நம்மைப் போல கிழங்கும் மிளகும் காப்பியும் போட்டுப் பிழைக்கிறவர்கள்தான். அவர்கள் வழக்கம் என்னவென்று எனக்குத் தெரியாது, நீ நினைக்கிறபடி வெறும் நேர்மையாகவே இருக்கலாம். ஆனால் இதற்கு முன்னால் நீ சொன்னதையும் சேர்த்துப் பார்க்கிறேன். ஊருக்கு மேலே பாறையடியில் ஓர் ஊற்று, அங்கே அவர்கள் செத்துப்போன பெரியவர்களுக்குப் படைக்கிறார்கள் என்றாய். அதில் மாப்பிள்ளை பைப் போட்டுப் பள்ளிக்கூடத்துக்கும் ஜெப வீட்டுக்கும் தண்ணீர் கொண்டுவந்தார். பைப் புதைக்கும்போது ஊர்ப் பெரியவர்கள் வந்து வரிசையாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருத்தரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, அதனால் சம்மதம்தான் என்று அவர் முடிவு செய்துகொண்டார். மாப்பிள்ளை சேந்தமங்கலத்துக்காரர், சமவெளியில் பிறந்தவர், அங்கே பிடிக்கவில்லை என்றால் கத்திவிடுவார்கள். மலையில் பெரியவர்கள் பேசாமல் உட்கார்ந்து பார்த்தால் அது சம்மதம் இல்லை என்பதாவது உனக்குத் தெரிய வேண்டாமா. உன் அப்பா என்னைக் கல்யாணம் பண்ணிக் கூட்டி வந்த புதிதில் என் சமையலை அப்படித்தான் உட்கார்ந்து பார்ப்பார்.

இன்னொரு தப்பும் உங்களிடம் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே. நீங்கள் இருவரும் கொடுத்துக்கொண்டே இருக்கிறீர்கள். மருந்து கொடுக்கிறீர்கள், சட்டை கொடுக்கிறீர்கள், பாடம் சொல்லிக் கொடுக்கிறீர்கள். ஊழியக்காரன் யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாதுங்கத்தை என்று மாப்பிள்ளை என்னிடம் பெருமையாகச் சொன்னார், ஒரு சிட்டிகை உப்புக்கூட அந்த ஊரில் வாங்கினதில்லையாம். அவர் நல்ல மனுஷர், அதில்தான் எனக்குப் பயம். நீங்கள் அவர்களிடம் ஏதாவது இரவல் வாங்கியிருந்தால் அதையாவது பிடித்துக்கொண்டு நிற்கலாம். அவர்கள் பொருள் ஒன்றும் உங்களிடம் இல்லை, உங்கள் பொருள் ஒன்றும் இப்போது அவர்களிடம் இல்லை. இதைத்தான் போனில் சொன்னேன். அதற்கு நீ, அம்மா இது என்ன மூடநம்பிக்கை, எங்களைக் காப்பவர் உறங்க மாட்டார் என்றாய். காக்கட்டும், நான் வேண்டாம் என்றா சொல்கிறேன். உறங்காமல் இருக்கிறவர் உனக்கு ஒன்றைக் காட்டும்போது அதைப் பார்க்கவும் வேண்டும் அல்லவா.

நேற்றுப் பூபதியை மறுபடியும் அந்தப் பேச்சைப் போடச் சொல்லி முழுவதும் கேட்டேன். முதல் தடவை களி அடிப்பிடித்த களேபரத்தில் கடைசிப் பகுதி என் காதில் விழவில்லை. சர்க்கரை கொண்டுவந்த பெண், நீ பிரசவம் பார்த்து இரட்டைப் பிள்ளைகளை உயிரோடு எடுத்துக் கொடுத்தாயே அவள், உன் கையைப் பிடித்துக்கொண்டு, உன் அம்மா உயிரோடு இருக்கிறாளா, பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஆசைப்பட மாட்டாளா, எப்போது கூட்டிக்கொண்டு போகப் போகிறாய் என்று கேட்டாள் என்றாய். தையல் மிஷின் கொண்டுவந்தவளும் அதையே கேட்டாள், எவ்வளவு பாசம் பாரும்மா என்றாய். அதற்குப் பிறகு சொன்னது இன்னும் மோசம். அடுத்த அமாவாசையன்று ஊரே ஏதோ ஒரு சடங்குக்கு அடுத்த மலைக்குப் போகிறது, கைக்குழந்தை முதற்கொண்டு எல்லோரும் போகிறார்கள், நாங்கள் மட்டும்தான் இருப்போம், நிம்மதியாக ஜெப வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறோம் என்று சொல்லிச் சிரித்தாய். அந்த இடத்தில் பூபதியே போனை அணைத்துவிட்டான். அர்த்தனாரி பிள்ளைகள் அன்றைக்கு ஏன் அம்மாயி வீட்டில் இருந்தார்கள் தெரியுமா. அண்டாவைத் திருப்பிக் கொடுக்க வந்த ஒருத்தி, புள்ளைங்களை அம்மாயி ஊட்டுக்கு அனுப்பலீங்களா, லீவு தானுங்களே என்று இரண்டு தடவை கேட்டாளாம், அதனால் அனுப்பினார்கள். ஊர்க் கட்டை மீறிச் சொல்ல முடியாதவள் சொல்லக் கூடியது அவ்வளவுதான் கண்ணு. அந்தச் சர்க்கரைக்காரப் பெண்ணும் உன்னிடம் பாசமாகத்தான் கேட்டிருக்கிறாள், நீ அதை எந்தப் பக்கமாக எடுத்துக்கொள்ள வேண்டுமோ அந்தப் பக்கமாக எடுத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு நான் கும்பிட்டதாகச் சொல். ஒரு தாய் தன்னால் முடிந்ததைச் சொல்லிவிட்டாள், மிச்சத்தை நான் சொல்கிறேன்.

அமாவாசையன்று நீங்கள் அந்த ஊரில் இருக்கக் கூடாது. டாக்டரம்மா அதற்கு முன்னாலேயே அங்கே வந்துவிடுவார் என்று பூபதி கணக்குப் பார்த்துச் சொன்னான், மழையில் ரோடு அடித்துக்கொண்டு போகாமல் இருந்தால் சரி. அவருடைய ஜீப்பில் டவுனுக்கு வந்துவிடு. ஜீப்பில் உனக்கும் பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும் என்று பூபதி அவரிடம் கேட்டு வைப்பான், மாப்பிள்ளைக்கும் சேர்த்துத்தான் கேட்கச் சொல்லியிருக்கிறேன். சபையில் என்ன சொல்வது என்று யோசிக்காதே, தம்பி பெண்டாட்டிக்குப் பிரசவம், நாத்தனார் போக வேண்டும் என்று சொல், அதில் பொய் ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை வர மாட்டேன் என்பார். மந்தையை விட்டு ஓடுகிறவன் மேய்ப்பனா என்பார். நீங்கள் கிறிஸ்துமஸுக்கு எங்கள் வாசலில் நின்று சொன்ன கதைதான், பச்சைக்குழந்தையை ராஜா கொல்லப் பார்க்கிறான் என்று தெரிந்ததும் தாயும் தகப்பனும் தூக்கிக்கொண்டு வேறு நாட்டுக்குப் போகவில்லையா, அவர்களை யாராவது பயந்தாங்கொள்ளி என்று சொன்னார்களா என்று நான் கேட்டதாகக் கேள். அப்போதும் வராவிட்டால் அவர் காலில் விழு. அதற்கும் அசையாவிட்டால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு நீ வா. புருஷனை விட்டுவிட்டு வா என்று மகளுக்கு எழுதுகிற அம்மா நான் இல்லை, இந்த வரியை எழுதுவதற்கு முன் அடுப்படியில் போய் உட்கார்ந்து அழுதுவிட்டுத்தான் வந்தேன். ஆனாலும் எழுதுகிறேன்.

வருவதற்கு முன்னால் மாப்பிள்ளையையே அந்த ஊற்றிலிருந்து பைப்பை எடுக்கச் சொல். ஆள் வைத்து எடுக்கக் கூடாது, அவர் கையாலேயே, பெரியவர்கள் பார்க்க எடுக்க வேண்டும். எடுத்துவிட்டு ஒன்றும் விளக்கம் சொல்லாமல், ஜெபம் பண்ணாமல், அவர்கள் பக்கத்தில் தரையில் கொஞ்ச நேரம் உட்காரட்டும். அதனால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை, ஆனால் அது அவர் செய்ய வேண்டியது. நீ புறப்படுகிற அன்று காலையில் சர்க்கரைக்காரப் பெண் வீட்டுக்குப் போ. போய் அவளிடம் ஏதாவது ஒன்றை இரவல் கேள். பாயோ கூடையோ அகப்பையோ எதுவாக இருந்தாலும் சரி. வெறுங்கையாகப் போ, எதையும் கொடுக்காதே, கேட்க மட்டும் செய். அவள் பயந்துகொண்டு தர மாட்டேன் என்றால் மனதில் வைத்துக்கொள்ளாதே, அவளுக்கும் பிள்ளைகள் இருக்கின்றன. தந்தால் வாங்கித் துணியில் சுற்றிப் பத்திரமாகக் கொண்டு வா. அந்த ஊர்ப் பொருள் உன்னிடம் இருக்கிற வரைக்கும் நீ திரும்பிப் போய்க் கொடுக்க வேண்டியவள், அவர்களும் உனக்காகக் காத்திருக்க வேண்டியவர்கள். ஊழியத்தை விட்டுவிடு என்று நான் எழுதவில்லை என்பது இதிலேயே உனக்குப் புரியும். நீ சாமி மாறினபோதுகூட நான் உன்னைத் தடுக்கவில்லை, உன் இஷ்டம் என்றுதான் சொன்னேன். இப்போது தடுக்கிறேன் என்றால் எவ்வளவு பயந்து போயிருப்பேன் என்று நினைத்துப் பார்.

ஒருவேளை ஒன்றுமே நடக்காமல் போகலாம். அமாவாசை கழிந்து ஜனங்கள் சடங்கு முடித்துப் பாட்டுப் பாடிக்கொண்டு திரும்பி வரலாம், ஜெப வீடு நின்ற இடத்திலேயே நிற்கலாம். அப்போது நீங்கள் எல்லோரும் இங்கே வாசலில் பலாக்கொட்டை சுட்டுத் தின்றுகொண்டு என்னை வேண்டிய மட்டும் கேலி செய்யுங்கள். பேத்தி பேரனிடம், உங்கள் அம்மாயி ஒரு பயந்த கோழி, ஒரு டம்ளர் சர்க்கரைக்காகக் கடல் தாண்டி நம்மை ஓடி வரவைத்தாள் என்று சொல்லிக் கொடு. சாகிற வரைக்கும் அதைச் சொல்லிச் சிரியுங்கள், நானும் கூடச் சேர்ந்து சிரிக்கிறேன். சிரிப்பதற்கு நீங்கள் நாலு பேரும் என் கண் முன்னால் இருக்க வேண்டும்.

எட்டுக்கை அம்மனும் உன் ஆண்டவரும் தங்களுக்குள் என்ன வழக்கு இருந்தாலும் அதை அமாவாசைக்குப் பிறகு வைத்துக்கொண்டு, இப்போதைக்கு ஒன்றாக உங்கள் தலைமாட்டில் நிற்கட்டும். ரூத்துக்கும் பென்யமீனுக்கும் அம்மாயியும் அப்புச்சியும் முத்தம் கொடுத்ததாகச் சொல், மாப்பிள்ளையிடம் நான் கோபமாக எழுதவில்லை என்று சொல். மழைக்குப் பிள்ளைகளுக்குக் காதை மூடிக் கட்டிக் கூட்டி வா, துணிமணி அதிகம் வேண்டாம், இங்கே இருக்கிறது. டாக்டரம்மா உங்கள் வாசலில் ஜீப்பை நிறுத்தி யமுனா என்று கூப்பிடும்போது நீ உள்ளேயிருந்து குரல் கொடுக்க வேண்டும், மறந்துவிடாதே.

உன் வரவை வழி பார்த்திருக்கும்
அம்மா கண்ணாயி

உன் அப்பா இதுவரை யாருக்கும் கடிதம் எழுதினதில்லை, இதில் ஒரு வரி தன் கையால் எழுத வேண்டும் என்று பேனாவைக் கேட்கிறார், கொடுக்கிறேன்.

வந்துரு சாமி. காளியண்ணன்.